இது உரைக்கோப்பா, பைனரியா? நிரலில் கண்டுபிடிக்கும் ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை நிரல் ஒவ்வொன்றாகத் திறக்கிறது. உரை என்றால் உள்ளே தேட வேண்டும். படமோ ஜிப்போ என்றால், அதாவது பைனரி என்றால், தொடாமல் தாண்டிப் போக வேண்டும். சொல்லும்போது சின்ன வேலை. எழுத உட்கார்ந்தால்தான் வழிகள் வரிசைகட்டி நிற்கின்றன: எக்ஸ்டென்ஷனைப் பார்ப்பதா, முதல் சில பைட்டைப் படிப்பதா, லினக்ஸின் ஃபைல் கட்டளையிடம் கேட்பதா? ஒவ்வொரு வழிக்கும் அதுதான் சரி என்று அடித்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார். என்னிடம் இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பதில் தெரிந்ததும் அந்தக் கோப்பை என்ன செய்யப் போகிறீர்கள்?

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்றால், லினக்ஸோ விண்டோஸோ இந்த வேறுபாட்டை எங்கும் எழுதி வைப்பதில்லை. வட்டில் இருப்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். சி மொழியில் கோப்பைத் திறக்கும்போது 'பி' என்று ஒரு எழுத்தைச் சேர்த்து பைனரி என்று சொல்கிறோமே, அதுகூட விண்டோஸில் வரிமுடிவுகளை மாற்றாமல் விடுவதற்கான கட்டளைதான். லினக்ஸில் அந்த எழுத்தால் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே எந்த வழியில் போனாலும் நாம் செய்வது ஊகம். தப்பானால் எவ்வளவு வலிக்கும் என்பதை வைத்துத்தான் எந்த ஊகம் போதும் என்று சொல்ல முடியும்.

## முதலில் அளவுகோல்கள்

தவறு எந்தப் பக்கம் விழுகிறது? பைனரியை உரை என்று நினைப்பது ஒரு தவறு, உரையைப் பைனரி என்று நினைப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே விலை இல்லை. வரிமுடிவை மாற்றும் நிரல் ஒரு படத்தை உரை என்று நினைத்தால் படம் போச்சு. பிஎன்ஜி வடிவத்தை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்தே முதல் 8 பைட்டை அமைத்திருக்கிறார்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதலில் வரும் 137, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய இணைப்புகளைக் காட்டிக்கொடுக்க. அடுத்த மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். 13, 10 என்பது விண்டோஸ் வரிமுடிவு. யாராவது 13ஐ எடுத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். 26 வந்தால் டாஸின் டைப் கட்டளை அங்கேயே நின்றுவிடும். கடைசி 10, எதிர்த்திசை மாற்றத்தைப் பிடிக்க. கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியில், வரிமுடிவுகளை மாற்றிவிடும் ஆஸ்கி முறையில் படத்தை அனுப்பிக் கெடுத்தவர்களுக்கு இந்த எட்டு பைட்டின் அருமை புரியும்.

தேடல் நிரலில் நிலைமை தலைகீழ். அங்கே படத்துக்குள்ளும் தேடினால் கொஞ்சம் நேரம் வீண், திரையில் குப்பை வரும். உரையை விட்டுவிட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் விட்டது யாருக்கும் தெரியாது.

தமிழைத் தாங்குமா? இதற்கான பழைய உத்திகள் பலவும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக எழுதும் பொதுக் குறியாக்கமான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'அ' என்றால் 224, 174, 133. 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு, மொத்தம் 15 பைட். அதில் ஒன்றுகூட 128க்குக் கீழே இல்லை.

எவ்வளவு படிக்க வேண்டும், எதை நிறுவ வேண்டும்? இவை இரண்டும் சின்ன அளவுகோல்கள். ஆனால் லட்சம் கோப்புகளில் ஓடும்போதோ, வேறொருவரின் விண்டோஸ் கணினியில் ஓட வேண்டியிருக்கும்போதோ பெரிதாகிவிடும்.

## வழி 1: எக்ஸ்டென்ஷன் பட்டியல்

கோப்பைத் திறக்கவே வேண்டாம், அதனால் இதைவிட வேகமானது கிடையாது. எல்லாக் கோப்பும் உங்களுடையது என்றால் ஊகமும் இல்லை, ஏனென்றால் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வெளியிலிருந்து வரும் கோப்புகளில் இது சறுக்கும். டிஎஸ் என்று முடிந்தால் டைப்ஸ்கிரிப்ட் நிரலாக இருக்கலாம். 188 பைட் பொட்டலங்களாக வரும் எம்பெக் வீடியோவாகவும் இருக்கலாம். ஆப்பிளின் பிலிஸ்ட் கோப்பு எக்ஸ்எம்எல் உரையாகவும் வரும், பைனரியாகவும் வரும். முப்பரிமாண அச்சுக்கான எஸ்டிஎல்லும் அப்படியே. மேக்ஃபைல், டாக்கர்ஃபைல் போன்றவற்றுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது. இதன் மறைந்த செலவு பராமரிப்பு. பட்டியல் ஒருநாளும் முடியாது. இல்லாத ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு எப்படியும் வேறொரு வழி வேண்டும்.

ஆனாலும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் களஞ்சியத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் பிஎன்ஜி, பிடிஎஃப், ஃபான்ட் வகைகளைப் பைனரி என்று நாமே எழுதி வைத்துவிட்டால் கிட் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. பத்து வரி வேலை.

## வழி 2: சுழி பைட் இருக்கிறதா?

ஆங்கிலத்தில் இதற்கு நல் பைட் என்று பெயர். அப்படியே எழுதினால் நல்ல பைட் என்று படித்துவிடுவார்கள், அதனால் சுழி பைட் என்றே வைத்துக்கொள்கிறேன். மதிப்பு 0. சாதாரண உரையில் இது வர வேலையில்லை. பைனரி வடிவங்களிலோ எண்களை 4 பைட், 8 பைட் என்று அகலமாக எழுதுவதால் சுழிகள் கொட்டிக் கிடக்கும். பிஎன்ஜியில் அந்த முதல் எட்டு பைட் முடிந்த கையோடு ஒன்பதாவது பைட்டே சுழிதான்.

டிஃப், அதாவது இரண்டு பதிப்புகளின் வேறுபாடு, காட்டும்போது கிட் செய்வது இவ்வளவே: முதல் 8000 பைட்டுக்குள் ஒரு சுழி இருந்தால் பைனரி, இல்லாவிட்டால் உரை. தேடல் நிரலான ரிப்கிரெப்பும் சுழியை நம்பித்தான் ஓடுகிறது. ஃபோல்டருக்குள் இறங்கித் தேடும்போது ஒரு கோப்பில் சுழியைக் கண்டால் அந்தக் கோப்பை அத்தோடு நிறுத்திக்கொள்ளும். நீங்களே எழுதினாலும் இரண்டு வரிதான். தமிழுக்கும் இதனால் தொந்தரவு இல்லை. 128க்கு மேலே என்ன இருந்தாலும் இது கவலைப்படாது.

அடி வாங்குவது, பெரும்பாலான எழுத்துகளை 2 பைட்டாக எழுதும் யூடிஎஃப்-16 குறியாக்கத்தில். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அதில் ஒரு சுழியோடு வரும். தமிழ் எழுத்துகளில் சுழிக்குப் பதில் 11 இருக்கும், ஆனால் சொற்களுக்கு நடுவே வரும் இடைவெளி 32, 0 என்றுதான் பதிவாகும். ஆக, ஒரே ஒரு இடைவெளி போதும், முழுக் கோப்பும் பைனரி ஆகிவிடும். இந்த யூடிஎஃப்-16 எங்கிருந்து வருகிறது என்றால், எக்ஸலின் 'யூனிகோட் டெக்ஸ்ட்' சேமிப்பிலிருந்து, பவர்ஷெல் 5.1இல் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது, பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8க்கு மாறிவிட்டது. அதற்கு முன் சேமித்த கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் ஓட்டை உண்டு. சில பிடிஎஃப்களில் முதல் 8000 பைட்டில் சுழி இருக்காது, கிட் அதை உரை என்று நினைத்துக்கொள்ளும். பிடிஎஃப் விதிமுறையே இதற்கு ஒரு பரிகாரம் சொல்கிறது: தலைப்பு வரிக்கு அடுத்து, 128 அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள நான்கு பைட்டாவது கொண்ட ஒரு குறிப்பு வரியைச் சேர்த்துவிடுங்கள், அனுப்பும் நிரல்கள் பைனரி என்று புரிந்துகொள்ளும் என்று. சுழியை மட்டும் தேடுகிறவருக்கு இந்த ஜாடை புரியாது.

## வழி 3: விசித்திர பைட்டுகளின் விகிதம்

அச்சாகக்கூடியவை எத்தனை, மற்றவை எத்தனை என்று எண்ணி, ஒரு அளவைத் தாண்டினால் பைனரி. பெர்ல் மொழியின் உரைச் சோதனை நெடுங்காலமாக இப்படித்தான்: முதல் துண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விசித்திரமாக இருந்தால் பைனரி. 128க்கு மேலானவை எல்லாம் விசித்திரக் கணக்கில் போய்விடும். நல்ல வேளை, இப்போதைய பெர்ல் முதலில் அது முறையான யூடிஎஃப்-8தானா என்று பார்த்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய கணக்கைப் பார்த்துப் பைத்தானிலும் மற்ற மொழிகளிலும் எழுதி, இணையத்தில் கைமாறிக்கொண்டிருக்கும் பத்து வரி நிரல்களில் பல அந்த முதல் படியை விட்டுவிடுகின்றன. அவற்றுக்குத் தமிழ் நாளிதழ்ச் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள். தயங்காமல் பைனரி என்று சொல்லும்.

விகிதம் பார்ப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எதை விசித்திரம் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம். வரிமுடிவை மாற்றலாமா என்று முடிவெடுக்கும்போது கிட் இதே கணக்கை ஒழுங்காகப் போடுகிறது. 128க்கு மேலானவற்றை அச்சாகக்கூடியவை என்றே எடுத்துக்கொள்ளும். அச்சாகாத கட்டுப்பாட்டு பைட்டுகள் தோராயமாக 128க்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினாலோ, 10 சேராமல் தனியாக ஒரு 13 வந்தாலோ, சுழி இருந்தாலோ பைனரி. டிஃபுக்கு ஒரு சோதனை, மாற்றுவதற்கு அதைவிடக் கடுமையான சோதனை! ஒரே நிரலுக்குள் இரண்டு வேலைக்கு இரண்டு அளவுகோல் வைத்திருப்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

வந்த கோப்பு என்ன வகை என்று உலாவிகள் ஊகிப்பதற்கான மைம் ஸ்னிஃபிங் விதி விகிதத்தையே விட்டுவிட்டது. முதல் 1445 பைட் வரை பார்க்கும். 0 முதல் 8 வரை, 11, 14 முதல் 26 வரை, 28 முதல் 31 வரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பைனரி. 27ஐ மட்டும் விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு பழைய ஜப்பானியக் குறியாக்கத்துக்கு அது வேண்டும். டெர்மினலில் வண்ணம் காட்டும் லாக் கோப்புகளும் அதே சலுகையில் தப்பித்துவிடுகின்றன.

பைட் பரவலின் என்ட்ரோபியை, அதாவது பைட்டுகள் எவ்வளவு ஒழுங்கற்றுக் கிடக்கின்றன என்பதை, அளந்து பார்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள். சுருக்கிய கோப்புகளை அது பிடிக்கும். ஒரே நிறத்தில் கிடக்கும் பிஎம்பி படத்தை உரை என்று சொல்லும். வேண்டாம்.

## வழி 4: யூடிஎஃப்-8 ஆகப் படித்துப் பார்ப்பது

என் ஓட்டு இதற்கு. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இந்தக் குறியாக்கத்தில் ஒரு கட்டுக்கோப்பு இருக்கிறது: முதல் பைட்டே பின்னால் எத்தனை பைட் வரும் என்று சொல்லிவிடும், பின்னால் வருபவை 128 முதல் 191க்குள்தான் இருக்க வேண்டும். 192, 193, 245 முதல் 255 வரை எங்குமே வரக்கூடாது. பைனரிக் கோப்பு தற்செயலாக இதற்குள் அடங்குவது மிக அரிது. ஜேபெக் 255இல் தொடங்குகிறது, முதல் பைட்டிலேயே வெளியே. பிஎன்ஜியின் 137 பின்னால் மட்டும் வர வேண்டிய பைட், அதுவும் முதலிலேயே வெளியே. ஜிஜிப்பின் 31, 139 இரண்டாவதில் வெளியே.

சுழி மட்டும் யூடிஎஃப்-8இல் செல்லும். வெறும் சுழிகளால் நிரம்பிய கோப்பும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால் வழி 2ஐயும் சேர்த்தே வைக்க வேண்டும்.

இதன் மறைந்த செலவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தமிழ்க் கட்டுரைகள் அடங்கிய ஒரு தொகுப்பில் சொல் எண்ணும் நிரல் ஒன்றை எழுதினேன். முதல் 8192 பைட்டைப் படி, யூடிஎஃப்-8 ஆக மாற்று, பிழை வந்தால் பைனரி என்று ஒதுக்கு. ஓடியது, எண்ணிக்கை வந்தது, நானும் அதை நம்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் நீண்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை கணக்கிலேயே வரவில்லை என்று தெரிந்தது. சின்னக் கட்டுரைகள் எல்லாம் இருந்தன, ஆங்கிலக் கட்டுரைகள் அனைத்தும் இருந்தன. கோப்பில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு மாலை முழுக்கக் கோப்புகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் விஷயம் பள்ளிக்கூடக் கணக்கு: 8192ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2. வெட்டு விழுந்த இடம் ஒரு எழுத்தின் நடுவில். இடைவெளிகளும் புள்ளிகளும் இடத்தை முன்னே பின்னே தள்ளுவதால், எந்த நீண்ட தமிழ்க் கோப்பிலும் வெட்டு எழுத்தின் எல்லையில் சரியாக விழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், அங்கே இந்தப் பேச்சே கிடையாது. அதனால்தான் ஆங்கிலக் கோப்புகளை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை.

தீர்வு கஷ்டமில்லை. பைத்தானின் கோடெக்ஸ் தொகுதியில் இன்க்ரிமென்டல் டிகோடர் இருக்கிறது. பாதியில் நிற்கும் எழுத்தைப் பிழை என்று சொல்லாமல் அடுத்த துண்டுக்காகக் கையில் வைத்துக்கொள்ளும். கோப்பு உண்மையாகவே முடிந்துவிட்டது என்றால் மட்டும் 'இதுதான் கடைசி' என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு செலவு பழைய தமிழ்க் கோப்புகள். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்தில் 'அம்மா' வெறும் 4 பைட். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல இப்படி வந்தவைதான். அவை யூடிஎஃப்-8 சோதனையில் நிச்சயம் தோற்கும். யூடிஎஃப்-8 சூழலில் ஓடும் குனு கிரெப் என்ற தேடல் நிரலும் இப்படித்தான்: டிஸ்கி கோப்பில் தேடிய சொல் கிடைத்தாலும் வரியைக் காட்டாமல் 'பைனரி கோப்பில் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்போ இதற்கு நேரெதிர். அதில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து சாதாரண ஆஸ்கி பைட். எல்லாச் சோதனையும் உரை என்று சொல்லும், திறந்தால் தமிழ் இருக்காது.

## வழி 5: ஃபைல் கட்டளையும் லிப்மேஜிக்கும்

1973இலிருந்து யூனிக்ஸில் இருக்கும் கட்டளை இது. இன்று லினக்ஸில் ஓடுவது 1980களில் இயன் டார்வின் புதிதாக எழுதிய வடிவத்தின் வழிவந்தது. கையெழுத்து பைட்டுகளின், அதாவது ஒவ்வொரு வடிவத்தையும் காட்டிக்கொடுக்கும் அடையாள பைட்டுகளின், பெரிய பட்டியல் ஒன்றை வைத்து முதலில் வகையைத் தேடும், கிடைக்காவிட்டால் குறியாக்கத்தை ஊகிக்கும். யூடிஎஃப்-16ஐ உரை என்றே சொல்லும். டிஸ்கிக்கு 'தெரியாத 8-பிட்' என்பதாவது பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் உள்ள வழிகளில் அதிகம் தெரிந்தது இதற்குத்தான்.

எதைக் கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மைம் வகை, அதாவது கோப்பின் வகைப்பெயர், 'டெக்ஸ்ட்' என்று தொடங்குகிறதா என்று பார்ப்பவர்கள் ஜேசனையும் எஸ்விஜியையும் இழப்பார்கள். ஒன்று அப்ளிகேஷன் பிரிவில், மற்றது இமேஜ் பிரிவில். குறியாக்கம் என்ன என்று கேட்டு, 'பைனரி' என்று வந்தால் மட்டும் ஒதுக்குங்கள். அதிலும் ஒரு வேடிக்கை: காலிக் கோப்புக்கும் 'பைனரி' என்றுதான் வரும். பெர்ல் இன்னும் தாராளம், காலிக் கோப்பு உரையா என்றாலும் ஆம், பைனரியா என்றாலும் ஆம்.

ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கட்டளையை எழுப்பினால் லட்சம் கோப்புக்கு லட்சம் புரோசஸ். பெயர்களை மொத்தமாகக் கொடுங்கள், அல்லது அதன் நூலகமான லிப்மேஜிக்கை நேரடியாக அழையுங்கள். பைத்தானில் 'மேஜிக்' என்று ஒரே பெயரில் இறக்குமதியாகும் இரண்டு வெவ்வேறு தொகுப்புகள் உண்டு. என் கணினியில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை என்ற புலம்பலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். விண்டோஸில் அந்த நூலகத்தின் டிஎல்எல் கோப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கூகுள் 2024இல் திறந்த மூலமாக வெளியிட்ட மேஜிகா இதே வேலையை நியூரல் மாதிரி ஒன்றை வைத்துச் செய்கிறது. இது உரையா என்றும் தனியாகப் பதில் தரும். இது பைத்தானா ஜாவாஸ்கிரிப்டா என்பதுவரை தெரிய வேண்டுமென்றால் மதிப்புள்ளது. ஆம், இல்லை என்ற பதிலுக்கு மட்டும் ஒரு மாதிரியை ஏற்றுவது கொசுவுக்குப் பீரங்கி.

## ஒரே பார்வையில்

| கோப்பு | சுழி பைட் | பழைய மூன்றிலொரு பங்கு | யூடிஎஃப்-8 + சுழி | ஃபைல் கட்டளை |
|---|---|---|---|---|
| தமிழ், யூடிஎஃப்-8 | உரை | பைனரி | உரை | உரை |
| தமிழ், யூடிஎஃப்-16 | பைனரி | பைனரி | பைனரி | உரை |
| தமிழ், டிஸ்கி | உரை | பைனரி | பைனரி | உரை, குறியாக்கம் தெரியாது |
| பிஎன்ஜி | பைனரி | பைனரி | பைனரி | பைனரி |
| தொடக்கத்தில் சுழி இல்லாத பிடிஎஃப் | உரை | கோப்பைப் பொறுத்தது | பைனரி | பைனரி |
| காலிக் கோப்பு | உரை | சுழியால் வகுத்த பிழை, கவனிக்காவிட்டால் | உரை | பைனரி |

## எந்த வேலைக்கு எது

சொந்தக் களஞ்சியம் என்றால் வழி 1, மேலே சொன்னபடி எழுதி வைத்துவிடுங்கள். யூடிஎஃப்-16 கோப்பு தவிர்க்க முடியாமல் இருந்தால் அதன் குறியாக்கத்தையும் கிட்அட்ரிப்யூட்ஸிலேயே சொல்லலாம், 2.18 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

வேகமான தேடலுக்குச் சுழி பைட் போதும். கூடவே பிஓஎம் எனப்படும் தொடக்கக் குறியையும் பாருங்கள்: 255, 254 அல்லது 254, 255 என்று தொடங்கினால் யூடிஎஃப்-16, 239, 187, 191 என்றால் யூடிஎஃப்-8. ரிப்கிரெப் அந்தக் குறியைப் பார்த்து யூடிஎஃப்-16ஐ மாற்றிப் படித்துக்கொள்கிறது.

மற்றவர்கள் பதிவேற்றும் கோப்பு என்றால் லிப்மேஜிக். அங்கே 'உரையா' என்பதைவிட 'நான் அனுமதித்த வகையா' என்பதுதான் கேள்வி. அதற்குக் கையெழுத்துப் பட்டியல் உள்ள ஒன்று வேண்டும்.

கோப்பை மாற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், அது வரிமுடிவோ குறியாக்கமோ தேடி மாற்றுவதோ, வழி 4ஐ விட்டு இறங்காதீர்கள். அதுவும் முதல் துண்டை மட்டும் பார்த்தால் போதாது, முழுக் கோப்பும் தேற வேண்டும். எப்படியும் முழுவதையும் படித்துத்தானே எழுதப் போகிறீர்கள்.

தமிழ்த் தொகுப்புகளோடு வேலை செய்பவர்கள் ஆம், இல்லை என்று இரண்டே பதில் தரும் செயற்கூறு எழுத வேண்டாம். நான் இப்போது மூன்று பதில் தருகிறேன். கோப்பு காலியா, உரை. பிஓஎம் இருக்கிறதா, உரை. சுழி இருக்கிறதா, பைனரி. யூடிஎஃப்-8 ஆகத் தேறியதா, உரை. தேறவில்லை, ஆனால் உலாவி விதியில் சொன்ன கட்டுப்பாட்டு பைட் எதுவும் இல்லையா, 'உரை, குறியாக்கம் தெரியாது' என்று தனி ஃபோல்டருக்குப் போகும். அங்கே போய் விழுபவற்றில் டிஸ்கி கோப்புகள் இருக்கும். அவற்றை நான் கையால் திறந்து பார்க்கிறேன். மிச்சம் பைனரி.

எந்த வழியை எடுத்தாலும் சோதனைக் கோப்புகளில் ஒன்று இப்படி இருக்கட்டும்: வேறு எதுவும் இல்லாமல் 2731 முறை 'அ'. மொத்தம் 8193 பைட். 8192இல் வெட்டிப் படிக்கும் நிரல் கடைசி 'அ'வின் ஒரு பைட்டை வெளியே விட்டுவிட்டு நிற்கும். அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.